யாருக்கு யார் துபாஷி?

நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ் எம்.ஏ. படிக்க வந்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அவர்கள் கையிலிருக்கும் நோட்டுகளைப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பியல், ஆங்கில மொழியியல், சமகால இலக்கியம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. இயக்கத்தில் நீண்ட காலம் இருக்கிற ஒரு மூத்த தோழர் என்னிடம் கேட்டார்: “இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போவுது? சட்டம் படிச்சா கோர்ட்டுக்கு ஒரு ஆளு. டாக்டருக்குப் படிச்சா ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளு. இது எதுக்கு?”

கேள்வி நியாயமானது. இந்தத் தலையங்கம் அவருக்கும், பக்கத்தில் நின்று பதில் சொல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

மொழிபெயர்ப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. புதுச்சேரி துபாஷிகளின் ஊர். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். பிரெஞ்சுக் கம்பெனிக்கும் இந்த மண்ணின் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்து உத்தரவை இந்தப் பக்கத்துக்கும் சொன்னவர். நடுவில் நின்றவர் சும்மா நிற்கவில்லை. பணம், பதவி, பல்லக்கு எல்லாம் அந்த நடுவிடத்திலிருந்துதான் வந்தது. துய்ப்ளேவிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை, சென்னை அரசாங்கம் 1904-லிருந்து 1928-க்குள் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. வரலாற்றுத் துறைகளில் இன்றும் அது மூலாதாரம்.

அந்த நாட்குறிப்பில் நம் ஆட்களும் வருகிறார்கள். நாம் சம்பா கோயில் என்று சொல்கிற கோயிலில், பறையர் கிறித்தவர்களைத் தனியே உட்காரவைக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. கிறித்தவர் என்றால் எல்லாரும் கிறித்தவர்தானே, நடுவில் ஏன் சுவர் என்று அவர்கள் சாமியாரிடம் திரண்டுபோய்க் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் பிள்ளை 1745-ல் குறித்துவைத்திருக்கிறார். தமிழகத்தில் தீண்டாமைச் சுவர் இடிப்பு என்றதும் 2008-ல் உத்தப்புரத்தைச் சொல்கிறோம். அதற்கு 260 வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊரில் நம் முன்னோர் ஒரு சுவரை இடிக்கவைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தை என்ன? எந்தத் தொனியில் கேட்டார்கள்? ‘சாமி’ என்று ஆரம்பித்தார்களா, நேராகக் கேள்வியில் ஆரம்பித்தார்களா? நமக்குத் தெரிவதெல்லாம் துபாஷியின் பேனா வழியாக வந்ததுதான். பேசியவர் நாம், எழுதியவர் அவர், மொழிபெயர்த்தவர் வேறொருவர், படித்து ஆய்வேடு எழுதுபவர் நான்காவது ஆள்.

நம்மைப் பற்றிய எழுத்தின் வரலாறே பெரும்பாலும் இந்த வரிசைதான்.

*

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில அகராதியில் ‘பாரையா’ என்று ஒரு சொல் இருக்கிறது. பிரெஞ்சில் ‘பாரியா’. சமூகத்தால் ஒதுக்கிவைக்கப்பட்டவன் என்று பொருள் போட்டிருக்கும். அது நம் தமிழ்ச்சொல். ஒரு சாதியின் பெயர் போர்ச்சுக்கீசியர் வழியாகக் கப்பலேறி, ஐரோப்பிய மொழிகளில் பொதுச்சொல்லாகிவிட்டது. பெர்னார்தென் தெ சேன்பியேர் 1791-ல் எழுதிய இந்தியக் குடிசை பற்றிய கதையில் ஞானம் சொல்கிறவன் ஒரு பாரியா. 1821-ல் தெலாவீஞ்ஞ் ‘பாரியா’ என்றே ஒரு நாடகம் எழுதினார். ஃப்ளோரா திரிஸ்தான் 1838-ல் தன் பயணநூலில் தன்னையே பாரியா என்று அழைத்துக்கொண்டார். அவர் பெண் என்பதாலும் கணவனைப் பிரிந்தவர் என்பதாலும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தியது. 1922-ல் பாரீசில் ஹோ சி மின்னும் அவருடைய தோழர்களும் காலனி நாட்டு மக்களுக்காக நடத்திய பத்திரிகையின் பெயர் ‘லெ பாரியா’. 1944-ல் ஹன்னா ஆரென்ட் யூதர்களைப் பாரியா என்று சொல்லிக் கட்டுரை எழுதினார்.

பாருங்கள், பிரெஞ்சுப் பெண்ணுக்கும் வியத்நாம் புரட்சிக்காரருக்கும் யூத அறிஞருக்கும் நம் பெயர் உதவியிருக்கிறது. அவர்கள் அதை ஒடுக்குமுறைக்கு எதிராகத்தான் எடுத்தார்கள், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் உலகம் முழுக்க உவமையாகப் புழங்குகிற சொல், சொந்த ஊரில் இன்றும் வசவாக இருக்கிறது. உவமைக்குள்ளே ஆள் காணாமல் போய்விட்டான். இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு தேசத்தைப் ‘பாரையா’ தேசம் என்று எழுதுகிறவருக்கு, அது உயிரோடிருக்கிற ஒரு சாதியின் பெயர் என்ற ஞாபகமே இல்லை. மொழிபெயர்ப்பியல் வகுப்பில் ‘கடன்சொல்’ என்று நடத்துவார்கள். கடன் வாங்கியவன் கொடுத்தவனை ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?

இந்தப் பெயரை நம்மவர்கள் இரண்டு விதமாகக் கையாண்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ என்றே பத்திரிகை தொடங்கினார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அது எதிரிகள் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். ஒருவர் பெயரையே ஆயுதமாக்கினார், மற்றவர் பெயரை மறுத்து வேறு வரலாறு எழுதினார். தன்னைத் தானே எப்படி மொழிபெயர்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இவை இரண்டும் பதில்கள். எம்.ஏ. மாணவர்கள் ஜேகப்சனின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்கும்போது பக்கத்தில் இந்த இரண்டு பத்திரிகைகளையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

*

இனி நம் பக்கத்துக் கிராமத்துக்கு வருவோம். வீரம்மா புதுச்சேரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் கூலிவேலை செய்தவர். பிரசவம் பார்த்தவர். தாலாட்டும் ஒப்பாரியும் பாடியவர். இசை ஆய்வாளரான ஜோசியான் ராசீனிடம் சுமார் பத்து ஆண்டுகள் தன் வாழ்க்கையைப் பேசினார். பேசியது தமிழில். அது 1995-ல் பாரீசில் பிரெஞ்சு நூலாக வந்தது. தலைப்பு ‘ஒரு பாரியா வாழ்க்கை’, துணைத்தலைப்பு ‘அடிமைப்பட்டோரின் சிரிப்பு’. ஆசிரியர் பெயராக வீரம்மா, ஜோசியான் ராசீன், ழான்-லுய்க் ராசீன் என்று மூன்று பேர். நம்மவர் வாழ்க்கையை எழுதி வாங்கிக்கொண்டு ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் தள்ளிய ஆய்வாளர்கள் மத்தியில், வீரம்மாவின் பெயரை அட்டையில் முதலாவதாகப் போட்டது மதிக்கத்தக்க செயல். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1997-ல் அந்தப் பிரெஞ்சு நூலிலிருந்து ஆங்கில நூல் வந்தது. இப்போது தலைப்பில் ‘தீண்டத்தகாதவர்’. பின்னர் தில்லியில் வந்த பதிப்பில் ‘தலித்’. அதே பெண், அதே வாழ்க்கை. பாரீசுக்குப் போனால் பாரியா, லண்டனுக்குப் போனால் தீண்டத்தகாதவர், தில்லிக்கு வந்தால் தலித். வாசகர் மாற மாற அவர் பெயர் மாறுகிறது. இதில் யாரையும் சதிகாரர் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சந்தையிலும் எந்தச் சொல் விளங்குமோ அந்தச் சொல்லைப் பதிப்பாளர் வைக்கிறார். நமது கேள்வி வேறு. வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ வருகிற ஒரு மாணவி, தன் பாட்டி பேசுகிற அதே தமிழில் பேசிய ஒரு பெண்ணின் வாழ்க்கையை, பிரெஞ்சு வழியாகப் போய் ஆங்கிலத்தில் திரும்பி வந்த வடிவத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதுகிறாள். பக்கத்துக் கிராமத்துக்குப் பாரீஸ், லண்டன் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. இதை மொழிபெயர்ப்பியல் துறை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் பிரச்சினை.

*

நேரடியாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன நூல்களைப் பார்ப்போம். பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பு 2000-ல் வந்து பரிசும் பெற்றது. ‘கருக்கு’ என்ற சொல்லை அவர் அப்படியே தலைப்பாக விட்டுவைத்தார். பனைமட்டையின் இரண்டு பக்கமும் அறுக்கிற அந்தப் பல்லை வேறெந்தச் சொல்லால் சொல்வது? ‘சங்கதி’ (1994) ஆங்கிலத்திலும் ‘சங்கதி’யாகவே 2005-ல் போனது. ஆனால் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) 2001-ல் ‘சுமை சுமக்கும் மிருகங்கள்’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தலைப்போடு வந்தது. சிவகாமி ‘பழையன கழிதலும்’ (1989) நாவலைத் தானே 2006-ல் ஆங்கிலத்தில் எழுதியபோது ‘மாற்றத்தின் பிடி’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) 2009-ல் அதே பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு போனது. சொந்த எழுத்தாளர் மொழிபெயர்க்கும்போதுதான் மிக அதிகமான சுதந்திரம் எடுக்கிறார் என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். மூலத்துக்கு விசுவாசம் என்று வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறார்களே, யாருக்கு விசுவாசம் என்பதை வைத்துத்தான் அது தீர்மானமாகிறது.

ஆனால் தலைப்பை விட முக்கியமானது உள்ளே இருக்கும் சின்னச் சின்னச் சொற்கள். ஊர்த்தெருவில் பத்து வயசுப் பையன் நம் தாத்தாவை ‘வாடா’ என்பான். தாத்தா அவனைச் ‘சாமி’ என்பார். ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ஒரே ‘யூ’தான். தமிழில் நீ, நீங்க, டா, டீ, சாமி, ஆண்டை என்று அடுக்கடுக்காக இருக்கிற ஏணி ஆங்கிலத்தில் தட்டையாகிவிடுகிறது. ஒரு முழுச் சாதியமைப்பும் ஒரு பிரதிப்பெயர்ச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. பிரெஞ்சில் ‘து’, ‘வூ’ என்று இரண்டு உண்டு. யாரை யார் ‘து’ என்கிறார், யாரை ‘வூ’ என்கிறார் என்று காட்ட அங்கே கொஞ்சம் வழியிருக்கிறது. அது போதாது. பிரெஞ்சில் ‘து’ அன்புக்கும் வரும், அவமானத்துக்கும் வரும். எது எங்கே என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகிற புதுச்சேரி மாணவர்கள் இதை ஆராயாமல் வேறு யார் ஆராய்வார்கள்?

அடுத்து ‘சேரி’. இங்குள்ள ஒரு கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் காட்டிய விடைத்தாள் இது. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘சேரி’ என்ற சொல் வந்தது. அவள் ‘சேரி’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே ஒரு வரி விளக்கமும் கொடுத்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘ஸ்லம்’ என்று எழுதி, ஒரு மார்க் குறைத்திருந்தார்கள். ஒரு மார்க் போகட்டும். ‘ஸ்லம்’ வறுமையின் பெயர். பட்டணத்துக்குப் பிழைக்க வந்த எந்தச் சாதிக்காரனும் அங்கே இருக்கலாம், காசு வந்தால் கிளம்பிப் போகலாம். சேரி சாதியின் பெயர். மாடி வீடு கட்டினாலும் சேரி சேரிதான். ‘ஸ்லம்’ என்று எழுதிய நொடியில் சாதி ஆவியாகி, ஏழ்மை மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பெண்ணின் விடைதான் சரி.

பழைய தமிழில் சேரி எல்லாருக்கும் பொது. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில் பிராமணர் குடியிருப்புக்கும் சேரி என்றுதான் பெயர். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சொல்லை விட்டு விலகிப்போக, நம் தலையில் மட்டும் அது நின்றுவிட்டது. இந்த ஊரின் பெயரிலேயே சேரி இருக்கிறது. பேச்சில் என்ன செய்கிறோம்? சேரியைக் கழற்றிவிட்டுப் ‘பாண்டி’ என்கிறோம்!

சேரிக்குப் பதிலாக வந்த சொல் ‘காலனி’. தமிழில் காலனி என்றால் யார் குடியிருக்கும் இடம் என்று எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. ஆங்கிலத் துறையிலோ காலனி என்றால் வெள்ளைக்காரன் பிடித்த நாடு. ‘பின்காலனியம்’ என்று ஒரு முழுப் பேப்பரே இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தைக் கொடுத்தான், 1962-ல் சட்டப்படி முடிந்தது. அந்தக் காலனி போய்விட்டது. இந்தக் காலனி இருக்கிறது. காலனியில் குடியிருந்துகொண்டு பின்காலனியம் படிக்கிற மாணவன் தன் பரீட்சைத் தாளில் இந்த இரண்டு காலனியையும் ஒரே பக்கத்தில் எழுதட்டும். அதுவே நல்ல ஆய்வுக்குத் தொடக்கம்.

*

மொழியியலுக்கு வருவோம். நம் பேச்சைக் ‘கொச்சை’ என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய வசை. மொழியியல் என்ற அறிவியல் நமக்குத் தருகிற முதல் ஆயுதம், கொச்சை என்று ஒரு மொழி இல்லை என்பது. அமெரிக்காவில் வில்லியம் லபோவ் 1969-ல் எழுதிய கட்டுரையில், கறுப்பினக் குழந்தைகள் பேசும் ஆங்கிலம் பிழையான ஆங்கிலம் அல்ல, அதற்கென்று முறையான இலக்கணமும் தர்க்கமும் உண்டு என்று எடுத்துக்காட்டினார். பத்து வருஷம் கழித்து, 1979-ல், ஆன் ஆர்பர் நகரப் பள்ளி வழக்கில், குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துப் பாடம் நடத்தாதது பள்ளியின் குறை என்று நீதிமன்றம் சொன்னது. மூத்த தோழர் கேட்டாரே, கோர்ட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று! அந்தக் கோர்ட்டுக்கு மொழியியல் படித்தவர்தான் சாட்சி சொல்லப் போனார்.

நம் நாட்டில் என்ன நடந்தது? ஜான் கம்பர்ஸ் 1958-ல் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதினார். தீண்டாமைக்குள்ளான சாதியாரின் பேச்சு மற்றவர்கள் பேச்சிலிருந்து தெளிவாக வேறுபட்டிருந்தது. இத்தனைக்கும் தினமும் ஒரே வயலில், ஒரே வாசலில் வேலை. அவர் கண்ட காரணம் எளிமையானது. வேலைக்காகப் பேசுவது பேச்சைக் கலக்காது. நட்பாகப் பேசினால்தான் பேச்சு கலக்கும். அந்த நட்பு அங்கே இல்லை. தீண்டாமை நாக்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழில் 1960-களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் சாதிப் பேச்சு வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். பிராமணர் பேச்சு, பிராமணரல்லாதார் பேச்சு என்று இரண்டு பெட்டி. முக்கியமான ஆய்வுதான். ஆனால் இரண்டாவது பெட்டிக்குள் நாம் எங்கே இருந்தோம்? பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே பெட்டியா? இந்த ஊரின் வரைபடமும் இப்படித்தான். கால்வாய்க்கு இந்தப் பக்கம் வெள்ளை நகரம், அந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்று சுற்றுலா வழிகாட்டி சொல்லும். இரண்டுக்கும் வெளியே இருந்தவர்களுக்கு வரைபடத்தில் நிறம் இல்லை. எதை எடுத்தாலும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரண்டிலும் நாம் இல்லை. நம் பேச்சின் இலக்கணத்தை நாம்தான் எழுத வேண்டும். ஆங்கிலத் துறையில் ஒலியியல் படித்து, ஒலிகளைக் குறித்துவைக்கப் பழகிய பிள்ளை அதைத் தன் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

*

சமகால இலக்கியப் பேப்பரில் இப்போது நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மை. ஆனால் கொடுத்த இடத்தை எடுக்கவும் முடியும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2021 ஆகஸ்டில் ஆங்கில இளங்கலைப் பாடத்தின் ‘பெண் எழுத்து’ப் பிரிவிலிருந்து பாமாவின் ‘சங்கதி’ப் பகுதியும் சுகிர்தராணியின் கவிதைகளும் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் நீக்கப்பட்டன. இரண்டு தமிழ்த் தலித் பெண்கள் அங்கே போனது மொழிபெயர்ப்பால்தான். வெளியே தள்ளப்பட்டது மொழிபெயர்ப்பின் குறையால் அல்ல. அவர்கள் சொன்னது சரியாகவே விளங்கியது, அதனால்தான்.

இன்னொரு பக்கம், இடம் கொடுத்த வகுப்பறையில் என்ன நடக்கிறது? தமிழ் தெரிந்த மாணவர், தமிழ் தெரிந்த ஆசிரியர், நடுவில் தமிழ் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழ்ப் பிரதியைக் கையில் எடுக்காமலே ‘துயரம்’, ‘அடையாளம்’ என்று தீசிஸ் முடிகிறது. மேற்கோள் காட்ட வசதியான பத்தி எல்லா ஆய்வேட்டிலும் ஒன்றேதான். கடைசியில் கருக்கின் சிரிப்பும் நக்கலும் காணாமல் போய் அழுகை மட்டும் நிற்கிறது. நாங்கள் அழுதுகொண்டே இருக்கிறோம் என்று யார் சொன்னது? புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்து, 2024 நவம்பரில் மறைந்த ராஜ் கௌதமன், தலித் பண்பாடு குறித்து 1990-களில் எழுதியபோது வலியுறுத்தியது கலகத்தை. அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திர’த்தைச் சிரிக்காமல் படிக்க முடியாது. அவரே ஜெர்மெய்ன் கிரீரைத் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளருமாவார். ஆங்கிலத் துறை இதைத் தமிழ்த் துறையின் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறது. தமிழ்த் துறை மொழிபெயர்ப்பை ஆங்கிலத் துறையின் சமாச்சாரம் என்கிறது. நடுச்சுவர் இன்னும் இடிக்கப்படவில்லை.

*

இவ்வளவு சொன்னதால் நான் ஆங்கிலத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். தமிழே போதும் என்று நமக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டுத் தன் பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்க்கிறவர்களின் தமிழ்ப்பற்று நமக்கு வேண்டியதில்லை. அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதினார். 1936-ல் அவர் பேச அனுமதி மறுக்கப்பட்ட அந்த உரை நூலாகி 1,500 பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழுக்கும் குஜராத்திக்கும் போய்விட்டது, வேறு நான்கு இந்திய மொழிகளில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. எந்தப் பல்கலைக்கழகத் துறையும் அதைச் செய்யவில்லை, இயக்கங்கள் செய்தன. நமக்கு ஆங்கிலம் மேடையாகவும் இருந்தது, மொழிபெயர்ப்பு ரத்த ஓட்டமாகவும் இருந்தது.

அதேசமயம் ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்ற நம்பிக்கைக்கும் அளவு வேண்டும். இதற்கும் நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்தச் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம், குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறித்தவர்களும் கணிசமாக முன்வந்தார்கள். சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள், சிலர் வாழ்க்கை உயர்ந்தது. கதவு திறந்தது உண்மை. கதவுக்கு வெளியே போக முடியாதவர்கள் சேரியிலேயே இருந்ததும் உண்மை. ஒருவர் தன்னை மொழிபெயர்த்துக்கொண்டு வெளியேறலாம். ஒரு தெரு முழுவதும் அப்படி வெளியேற முடியாது. ஆகவே போனவர் திரும்பி வந்து என்ன கொடுக்கிறார் என்பதுதான் நமக்கு அளவுகோல்.

மூத்த தோழருக்கு என் பதில் இதுதான். துபாஷி இல்லாமல் எந்தப் போராட்டமும் ஊர் எல்லையைத் தாண்டாது. எஃப்.ஐ.ஆரில் போலீஸ்காரர் எழுதுகிற தமிழ், நம் அம்மா அழுது சொன்ன தமிழின் மொழிபெயர்ப்புதான். எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதில்தான் வழக்கு நிற்கும், விழும். ஆணையத்துக்குப் போகிற மனு, பத்திரிகைக்குப் போகிற அறிக்கை, வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிற கட்டுரை எல்லாமே மொழிபெயர்ப்பு. இதுவரை பெரும்பாலும் மற்றவர் நமக்குத் துபாஷியாக இருந்தார்கள். அவர்களில் நல்லவர்கள் உண்டு, அவர்களுக்கு நன்றி உண்டு. இனி நம் பிள்ளைகள் நமக்குத் துபாஷியாகட்டும்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். தலித் நூல் ஒன்று மொழிபெயர்ப்பில் பாடமாக இருந்தால், தமிழ்ப் பிரதியையும் சேர்த்து வைக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் வைக்காவிட்டால் நீங்களே வாங்கி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விட்டுப்போன சொற்களே உங்கள் ஆய்வுத் தலைப்பு. ‘இந்தச் சமூகத்திலிருந்து நீ சொல்லு’ என்று வகுப்பில் உங்களை மட்டும் எழுப்பினால், சாட்சியாகப் பேசாதீர்கள், விமர்சகராகப் பேசுங்கள். அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா, பேசியவர் பெயர் இருக்கிறதா, பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்கப் பழகுங்கள். லபோவையும் கம்பர்ஸையும் பரீட்சையோடு விடாமல் நாலு பக்கத் தமிழில் எழுதிக் கொடுங்கள், இந்தப் பக்கங்களில் போடுவோம். முதல் தலைமுறையாக வந்து இங்கிலீஷில் தடுமாறுகிற தம்பி தங்கைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்டர்னல் மார்க்குக்குப் பயந்து படிப்பை விடுகிற ஒருவரைத் தடுத்தாலும் அது இயக்க வேலைதான்.

கடைசியாக ஒரு கூட்டு வேலை. பறை அடிகளின் பெயர்கள், நடவு அறுப்புச் சொற்கள், பிரசவத்திலும் சாவிலும் நம் பெண்கள் சொல்லும் சொற்கள், ஊர்க்காரருக்குப் புரியாமல் நமக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறிகள் என்று எதுவானாலும் உங்கள் தெருவில் கேட்டு எழுதுங்கள். யார் சொன்னாரோ அவரிடம் சம்மதம் கேளுங்கள். அவர் சரி என்றால் பெயரோடு, வேண்டாம் என்றால் பெயரில்லாமல். ஆளுக்கு இருபது சொல் போதும். அஞ்சலட்டையில் எழுதினாலும் சரி, போனில் பேசிப் பதிந்து அனுப்பினாலும் சரி. வருகிற இதழிலிருந்து அந்தச் சொற்களை வெளியிடத் தொடங்குகிறோம். பொருளை முதலில் தமிழில் எழுதுவோம், பிறகு ஆங்கிலத்தில், முடிந்தால் பிரெஞ்சிலும்.